கடலே வேலியான குதிரைப் பந்தி

பாண்டிய மன்னர் ஆண்டுதோறும் ஆயிரக்கணக்கில் அயலகக் குதிரைகளை வாங்கினர் என்பது நாமறிந்ததே. இம்மண்ணில் குதிரை தழைக்காது என்றார் 13ஆம் நூற்றாண்டில் வந்த மார்க்கோ போலோ. பராமரிப்பறிந்தோர் இன்மையையும் அவரே சுட்டினார். ஆய்வுலகம் முதற்கூற்றையே மிகுதியும் பற்றிக்கொண்டது.

இரண்டாவதன் வலிமையை நெடுந்தீவு காட்டுகிறது. யாழ்ப்பாணத்துக்குத் தென்மேற்கே, பாக்கு நீரிணையில், பவளப்பாறை மேல் விரிந்த புல்வெளித் தீவு அது. போர்த்துக்கேயர் அங்குக் குதிரைகளைக் கொணர்ந்தனர். 1658இல் யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தர் அவற்றைப் பெருக்கினர். ஆங்கிலேயர் ஆட்சியின் தொடக்கத்தில் நோலன் என்னும் படை அதிகாரி அவ்வளர்ப்பை மேற்பார்த்தார். புல் இருந்தது, கோட்டை இருந்தது, கடலே வேலியாயிற்று. பவளக்கல்லால் ஆன லாயத்தின் தூண்கள் இன்றும் நிற்கின்றன.

படை அகன்றபின் குதிரைகள் காட்டுக்குதிரைகளாயின. மட்டக்குதிரைகளேயாயினும், அரபுக் குதிரைகள் மடிந்ததாகச் சொல்லப்படும் நிலத்துக்கு அண்மையிலேயே அவை தலைமுறை தலைமுறையாக ஈன்று வருகின்றன. ஆயினும் கடுங்கோடையில் நன்னீரின்றிச் சில மடிகின்றன. தட்பவெப்பம் மட்டுமே காரணமெனில் அவை என்றோ அழிந்திருக்கும். அது பொருட்டே இல்லையெனில் கோடைச் சாவுகள் நிகழா. இவ்விரண்டுக்கும் இடையே இருப்பது, தொட்டியில் நீர் இறைத்து ஊற்றிய கை.

குதிரை வரலாற்றில் மன்னரையும் வணிகரையும் போதுமான அளவு எழுதிவிட்டோம். இனித் தேட வேண்டியவர் அந்தக் குதிரைக்காரரே.