ஜோர்ஜ் டவுன் பழைய நகரம்

ஜோர்ஜ் டவுன் பழைய நகரம் என்பது மலேசியாவின் பினாங்குத் தீவில் உள்ள வரலாற்றுச் சிறப்பு மிக்க குடியிருப்புப் பகுதியாகும். 1786 ஆம் ஆண்டில் பிரித்தானியக் கிழக்கிந்தியக் கம்பனியின் சார்பில் பிரான்சிஸ் லைட் என்பவர் ஜோர்ஜ் டவுனை நிறுவினார். 2008 ஆம் ஆண்டில் யுனெஸ்கோ, மலாக்காவுடன் சேர்த்து இப்பகுதியை உலகப் பாரம்பரியக் களமாக அறிவித்தது.

அமைப்பு

இங்குள்ள கடைவீடுகளில் கீழ்த்தளம் கடையாகவும் மேல்தளம் வீடாகவும் பயன்பட்டு வந்துள்ளன. கடைவீட்டின் முன்னால் கூரையுடன் கூடிய நடைவழி உண்டு. ஏறத்தாழ ஐந்தடி அகலமுடையதால் இது பேச்சு வழக்கில் அஞ்சடி எனப்படுகிறது. வெயிலும் மழையும் மிகுந்த இவ்வூரில் மக்கள் நடந்து செல்ல இது உதவுகிறது. தமிழ் முஸ்லிம்களின் கப்பித்தான் கிளிங் பள்ளிவாசல், 1833 இல் அமைக்கப்பட்ட மகா மாரியம்மன் கோயில், சீனரின் குவான் யின் கோயில், புனித ஜோர்ஜ் தேவாலயம் ஆகியன ஒன்றுக்கொன்று சில நிமிட நடைத் தொலைவிலேயே உள்ளன.

குடியிருப்போர்

1948 ஆம் ஆண்டுக்கு முன் கட்டப்பட்ட கட்டிடங்களின் வாடகையை 1966 ஆம் ஆண்டுச் சட்டம் கட்டுப்படுத்தியது. இதனால் கைவினைஞர்களும் சிறு வணிகர்களும் குறைந்த வாடகையில் நகர நடுவிலேயே வாழ முடிந்தது. மறுபுறம், வருமானம் குறைந்த உரிமையாளர்கள் பழுதுபார்க்காததால் பல வீடுகள் சிதைந்தன. 1997 இல் இச்சட்டம் நீக்கப்பட்டு, 2000 சனவரி முதல் வாடகைக் கட்டுப்பாடு முற்றாக முடிவுக்கு வந்தது. வாடகை உயர்ந்தமையால் பழைய குடிகள் பலர் வெளியேறினர். பின்னர் பல கடைவீடுகள் விடுதிகளாகவும் உணவகங்களாகவும் மாறின. பாரம்பரியத் தகுதி கட்டிடங்களைப் பாதுகாக்கின்றது. அவற்றில் வாழ்ந்தோருக்கு அத்தகைய பாதுகாப்பு இல்லை.