கட்டுநாயக்கவிலிருந்து மாங்குளத்துக்கு: கிபிர் விமானத்தின் திறனை எங்கிருந்து அளப்பது?

கிபிர் விமானம் பற்றிய நூல்கள் பெரும்பாலும் அதன் உச்ச வேகத்தில் தொடங்குகின்றன: ஒலியின் வேகத்தைப் போல இருமடங்கு. ஆனால் அது ஆண்டுக்கணக்காகக் குண்டு வீசிய வட இலங்கையின் வன்னியில் அந்த வேகத்துக்கு அநேகமாக வேலையே இருக்கவில்லை. போர்விமானமொன்றின் திறன் தொழிற்சாலைத் தரவுகளோடு முடிவதில்லை. அது பறக்கும் வானமும் அதன் கீழே கிடக்கும் தரையும் சேர்ந்தே அதைத் தீர்மானிக்கின்றன என்பது என் வாதம். அளக்கும் இடமாக மாங்குளத்தை எடுத்துக்கொள்கிறேன். ஏ9 வீதியிலிருந்து முல்லைத்தீவுக்கும் மல்லாவிக்கும் வழி பிரியும் சந்தி இது. 1990, 1998, 1999, 2008 என நான்கு தடவை கைமாறிய ஊர்.

பிரான்சின் மிராஜ் 5 விமானத்தின் உடலமைப்பில் அமெரிக்க ஜே79 இயந்திரத்தைப் பொருத்தி இஸ்ரேல் உருவாக்கியதே கிபிர். 1967 போரையொட்டி பிரான்ஸ் விதித்த ஆயுதத் தடை அதற்குத் தூண்டுதலாயிற்று. 1975 இல் சேவைக்கு வந்தது. அடுத்து வந்த சி2 வகையில் முன்பக்கம் சிறு சிறகுகள் சேர்க்கப்பட்டன. முக்கோணச் சிறகு விமானம் திரும்பும்போதும் தரையிறங்கும்போதும் எதிர்கொள்ளும் இடர்ப்பாட்டை அவை குறைத்தன. இரண்டு 30 மில்லிமீற்றர் பீரங்கிகளும் ஐந்து தொன்னுக்கு மேற்பட்ட சுமையைத் தூக்கும் வலுவும் அதற்கு உண்டு. வான்சண்டையில் அதன் பதிவு சிறியது: 1979 இல் சிரியாவின் மிக்-21 ஒன்று, 1995 சேனெப்பா போரில் ஈக்குவடோரின் கிபிர் வீழ்த்திய பெரு நாட்டின் ஏ-37 ஒன்று.

இலங்கை விமானப்படை 1996 இல் கிபிர்களை வாங்கிக் கட்டுநாயக்கவில் 10 ஆம் இலக்க அணியில் சேர்த்தது. 2000 இல் மேலும் சில வந்தன. அதற்கு முன் வடக்கு மக்கள் கண்டவை பெரும்பாலும் மெதுவானவை: சியாமார்செட்டி, ஆர்ஜென்ரீனாவின் புக்காரா, உருளைக் குண்டுகளைத் தள்ளிவிட்ட ‘சகடை’. 1995 ஏப்ரலில் அடுத்தடுத்த நாள்களில் இரண்டு அவ்ரோ விமானங்கள் தோளிலிருந்து ஏவும் ஏவுகணைகளால் வீழ்ந்தன. அதன்பின் மெதுவாகப் பறப்பதே ஆபத்தாயிற்று. ஜெற் விமானங்களின் தேவையை அந்தச் சூழலில் வைத்துத்தான் விளங்கிக்கொள்ள வேண்டும்.

இனிக் கணக்குக்கு வருவோம். கட்டுநாயக்கவிலிருந்து மாங்குளம் நேர்கோட்டில் ஏறக்குறைய 225 கிலோமீற்றர். மணிக்கு 900 கிலோமீற்றரில், அதாவது ஒலியைவிடக் குறைந்த வேகத்தில் வந்தாலும், பதினைந்து நிமிடம் போதும். பத்து கிலோமீற்றர் தொலைவில் எழும் இரைச்சல் சந்தியில் நிற்பவரை எட்ட ஏறக்குறைய 29 செக்கன் எடுக்கும். விமானம் தலைக்கு மேல் வர 40 செக்கன். இடையில் கிடைப்பது 11 செக்கன். மணிக்கு 400 கிலோமீற்றரில் வரும் புக்காராவுக்கு அதே தூரத்தைக் கடக்க 90 செக்கன் வேண்டும். அங்கே எச்சரிக்கை நேரம் ஒரு நிமிடத்தைத் தாண்டும். ஒரு நிமிடத்தில் தாய் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு பங்கருக்குள் இறங்கிவிடலாம். பதினொரு செக்கனில் ஒரு வகுப்பறையே காலியாகாது. உயரத்தில் வட்டமிட்டுவிட்டுப் பதிந்து குத்தும்போது இந்த இடைவெளி மாறும் என்பது உண்மை. ஆயினும் கிபிரின் வருகையோடு வன்னியில் உண்மையாக மாறியது இந்த எச்சரிக்கை நேரமே. பள்ளிக்கூட வளவுகளில் வெட்டப்பட்ட ‘எல்’ வடிவப் பங்கர்களை அதற்குத் தரை கொடுத்த விடையாகவே வாசிக்கிறேன்.

இதற்கு மறுவாதம் உண்டு. ஆளில்லா வேவு விமானம், மக்கள் சொல்லில் ‘வண்டு’, காட்டிய படங்களைக் கொண்டு இலக்குகள் தேர்ந்தெடுக்கப்பட்டன. ஆகவே தாக்குதல் துல்லியமானது என்பதே அந்த வாதம். 2007 நவம்பர் 2 அன்று கிளிநொச்சியில் விடுதலைப் புலிகளின் அரசியல்துறைப் பொறுப்பாளர் சு. ப. தமிழ்ச்செல்வன் வான்தாக்குதலில் கொல்லப்பட்டது அதற்குச் சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் 2006 ஆகஸ்ட் 14 அன்று வள்ளிபுனம் செஞ்சோலை வளாகத்தில் கிபிர் வீசிய குண்டுகளால் ஐம்பதுக்கும் மேற்பட்ட மாணவிகள் மாண்டனர். அரசு அதைப் பயிற்சி முகாம் என்றது. அங்கு சென்று பார்த்த போர்நிறுத்தக் கண்காணிப்புக் குழுவினர் படைமுகாமுக்கான அடையாளம் எதையும் காணவில்லை என்றனர். இலக்கைத் தீர்மானித்த தகவலின் தரத்தை விட்டுவிட்டு விமானத்தின் துல்லியத்தைத் தனியே பேச முடியாது. அந்த மாணவிகளின் சாவு கிபிரின் சேவை வரலாற்றுக்கு வெளியே வைக்கத்தக்க ‘பக்கவிளைவு’ அல்ல. அது அந்த வரலாற்றின் நடுப்பகுதி.

வான்சண்டைக்கும் ஏற்றதாக உருவான விமானத்துக்கு இங்கு வானில் எதிரி அமையவில்லை. 2007 மார்ச்சில் புலிகளின் சிலின் 143 இலகுரக விமானங்கள் இரவில் கட்டுநாயக்கவைத் தாக்கின. அவற்றைத் துரத்தும் பணி பின்னர் சீனத் தயாரிப்பான எஃப்-7 விமானங்களிடம் போயிற்று. கிபிர்களின் இழப்பும் வான்சண்டையால் வந்ததல்ல. 2001 ஜூலை 24 அன்று புலிகள் நடத்திய கட்டுநாயக்கத் தாக்குதலில் இரண்டு கிபிர்கள் தரையிலேயே அழிந்தன. 2011 மார்ச் 1 அன்று ஒத்திகையில் பறந்த இரண்டு யக்கல அருகே ஒன்றோடொன்று மோதி வீழ்ந்தன.

2021 இல் ஐந்து கிபிர்களைப் புதுப்பிக்க ஏறக்குறைய 5 கோடி டொலருக்கு இஸ்ரேலிய நிறுவனத்துடன் ஒப்பந்தமாயிற்று. ரேடாரும் உணரிகளும் மேம்படும் என்றார்கள். ஆனால் பழைய சேவையின் கணக்கு இன்னும் முடிக்கப்படவில்லை. பறப்பு நேரமும் குண்டுகளின் வகையும் விமானப்படையின் ஏடுகளுக்கு உரியவை. அவற்றோடு ஒப்பிட வேண்டியவை பாடசாலைச் சம்பவத்திரட்டுப் புத்தகங்கள், வைத்தியசாலை அனுமதிப் பதிவேடுகள், கிராம அலுவலரின் குறிப்புகள். இடப்பெயர்வில் தொலைந்தவை போக மிஞ்சியவற்றை மாங்குளம், மல்லாவி, ஒட்டுசுட்டான் எனச் சந்தி சந்தியாகத் திரட்டி, திகதியும் மணியும் வைத்து வரிசைப்படுத்த வேண்டும். அன்று மணியடித்துப் பிள்ளைகளைப் பங்கருக்குள் இறக்கிய ஆசிரியர்கள் பலர் ஓய்வு பெற்றுவிட்டனர். அவர்களிடமிருந்தே இந்த வேலையைத் தொடங்க வேண்டும்.