டெக், மண்ணெண்ணெய், முற்றம்: எங்கட வீட்டுச் சினிமாவின் வரலாறு

யாழ்ப்பாணத்துச் சினிமா வரலாறு எண்டு கதைக்க வெளிக்கிட்டால் எல்லாரும் தியேட்டரிலதான் தொடங்குவினம். ராஜா, வின்சர், றீகல், மனோகரா, ஸ்ரீதர் எண்டு பேர்களை அடுக்கி, எந்தப் படம் எங்க எத்தினை நாள் ஓடினது எண்டு சொல்லி முடிப்பினம். அது பிழையில்லை. ஆனால் எங்கட அம்மாமாரும் சித்தப்பாமாரும் இளமையாக இருந்த காலத்தில் அவையளில் கனபேர் படம் பாத்த இடம் வீடுதான். ஆரோ ஒருவரின் முற்றம், ஒரு ரீவி, ஒரு டெக், ஒரு ஜெனரேற்றர். அந்த முற்றத்து ரசிகர்களின் அபிப்பிராயங்களும் வரலாற்றுக்குரிய சான்றுகள்தான் எண்டது எங்கட வாதம்.

முதலில், படம் எப்படி வீட்டுக்குள்ள வந்தது? 1972இல் அரச திரைப்படக் கூட்டுத்தாபனம் தொடங்கியபிறகு, இந்தியப் படங்களின் இறக்குமதி அதன் கைக்குப் போனது. வந்த படங்களின் எண்ணிக்கையும் கட்டுப்படுத்தப்பட்டது. சென்னையில் ஓடி முடிஞ்ச படத்துக்காக இங்க காத்துக்கொண்டிருக்க வேண்டியிருந்தது. 1979இல் சுயாதீனத் தொலைக்காட்சியும் 1982இல் ரூபவாஹினியும் தொடங்கின. குடாநாட்டில் உயரமாக அன்ரனா கட்டி தூரதர்ஷன் பிடிச்சவையும் இருந்தினம். வெளிநாட்டில் உழைக்கப் போனவையின் காசோடயும் பொதிகளோடயும் டெக் வந்தது. கூட்டுத்தாபனத்தின் வரிசையில் நிக்கத் தேவையில்லாமல், படம் கசற்றாக, அதாவது 'கொப்பி'யாக, கைமாறத் தொடங்கினது.

இப்ப ஒரு திகதியைப் பாருங்கோ. மணிரத்னத்தின் 'நாயகன்' வெளியானது 1987ஆம் ஆண்டுத் தீபாவளிக்கு, ஒக்ரோபர் 21. அதே நாளில்தான் இந்திய அமைதிப்படை யாழ்ப்பாணம் பெரியாஸ்பத்திரிக்குள்ள புகுந்து சுட்டது. வைத்தியர்கள், தாதியர், நோயாளர் எண்டு 60 பேருக்கு மேல் செத்தார்கள். தமிழ்நாட்டு ரசிகருக்கு அந்தத் தீபாவளி ஒரு நல்ல படம் வந்த தீபாவளி. எங்கட ஆக்களுக்கு அது வேற தீபாவளி. 'நாயகன்' பிறகு எப்பவோ ஒரு கொப்பியாக அவையளிட்ட வந்து சேர்ந்தது. பொலிஸ் அடியில் தொடங்கி, ஆயுதத்தில் வளர்ந்து, தீர்ப்பில்லாமல் முடியிற கதையை இப்படியொரு ஊரில் இருந்து பாக்கிறவரின் அபிப்பிராயமும் சென்னை விமர்சகரின் அபிப்பிராயமும் ஒண்டாக இருக்கேலாது. ஒரு படம் வெளியான ஆண்டும் அது எங்களை வந்தடைந்த ஆண்டும் வேற வேற. எங்கட சினிமா வரலாற்றை எழுதுறவைக்கு இரண்டாவது ஆண்டுதான் முக்கியம்.

1990 ஜூனில் சண்டை திரும்பத் தொடங்க, குடாநாட்டுக்கு மின்சாரம் நிண்டது. பொருளாதாரத் தடை வந்தது. பற்றறி இல்லை, பெற்றோல் இல்லை. மண்ணெண்ணெய் கிடைச்சாலும் தொடமுடியாத விலை. கொஞ்சப் பெற்றோலில் எஞ்சினை இயக்கி, பிறகு மண்ணெண்ணெயில் ஓடவிடுற வித்தையை எல்லாரும் பழகிச்சினம். சைக்கிள் டைனமோவைச் சுத்தி றேடியோ கேட்டதும் அந்தக் காலத்திலதான். பாட்டை றேடியோவில் பாடமாக்கிப்போட்டு, படத்தை மாதங்கள் கழிச்சுப் பாத்தவை கனபேர்.

இந்த நிலைமையில் ஒரு படம் போடுறது எண்டால் அது ஒழுங்கையே சேர்ந்து செய்யிற வேலை. காசு சேர்க்கவேணும், ரீவியும் டெக்கும் ஜெனரேற்றரும் வாடகைக்கு எடுக்கவேணும். எடுத்தது எடுத்ததுதான் எண்டு விடிய விடிய மூண்டு, நாலு படம் ஓடும். இடையில் சகடைச் சத்தம் கேட்டால் எல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுப் பங்கருக்குள்ள ஓடவேணும். இவ்வளவும் செலவழிச்சுப் பாக்கிற படம் கூடாமல் போனால், போனது மண்ணெண்ணெய். அதால எந்தப் படம் எடுக்கிறது எண்டதே பெரிய விவாதம். படம் முடிஞ்சபிறகு வாற தீர்ப்பும் கடுமையானது. பாக்காதவைக்கு அடுத்த நாள் கிணத்தடியில் முழுக்கதையையும் சொல்லுற ஆக்கள் இருந்திச்சினம். அவையளை எங்கட ஊரின் விமர்சகர்கள் எண்டு சொன்னால் கூடிப்போகாது. அவையளில் பாதிப்பேர் பெண்கள். இரவில் தியேட்டருக்குப் போக விடாத வீடுகளும் பக்கத்து வளவுக்குப் போக விட்டன.

இதைக் கேட்டு அந்தக் காலத்தைப் பொற்காலம் ஆக்கவும் கூடாது. எல்லாரும் எல்லார் முற்றத்திலும் இருந்திருக்கமுடியாது. வேலியும் சாதியும் படம் போடுற இரவுக்கு மட்டும் லீவு எடுக்கேல்லை. இயக்கத்தின் தணிக்கையும் இருந்தது. பாத்த படம் முழுப்படமா எண்டதே சில நேரம் கேள்வி.

எங்களை உறுத்துற விசயம் இன்னொண்டு இருக்கு. யாழ்ப்பாண வளாகத்தில் படிப்பிச்ச தர்மசேன பத்திராஜ 1977இல் 'பொன்மணி'யை இங்கதான் எடுத்தார். எங்கட சாதியையும் சீதனத்தையும் நேராகப் பாத்த படம். அடுத்த ஆண்டு செங்கை ஆழியானின் நாவல் 'வாடைக்காற்று' படமாக வந்தது. நாங்கள் கேட்டுப் பாத்தவையில் ரஜினி படத்தையும் கமல் படத்தையும் காட்சி காட்சியாகச் சொல்லக்கூடிய ஒருவருக்கும் இந்த இரண்டும் டெக்கில் பாத்த ஞாபகம் இல்லை. சென்னையில் எடுத்த படம் கடல் தாண்டி, தடை தாண்டி முற்றத்துக்கு வந்தது. இங்க எடுத்த படம் வரேல்லை. எங்கட படங்கள் ஓடாது, அலுப்பு எண்டு இண்டைக்கும் சொல்லுறம். பாக்காமலே சொன்ன தீர்ப்பு அது. ரசனை குறைஞ்சதால வந்ததில்லை. கொப்பி வராததால வந்தது.

1995 ஒக்ரோபர் இடப்பெயர்வில் கனவீடுகளில் ரீவியும் டெக்கும் விடுபட்டுப் போச்சு. 2002இல் ஏ9 பாதை திறக்க சீடியும் டிவிடியும் வந்து குவிஞ்சது. இப்ப எங்கட கையில் போன். ஒவ்வொருவரும் தனித்தனியாகப் பாக்கிறம், தனித்தனியாக அபிப்பிராயம் எழுதுறம். கரண்டுக்கும் எண்ணெய்க்கும் யோசிக்கத் தேவையில்லாததால, பிடிக்காத படத்தைப் பத்து நிமிசத்தில் நிப்பாட்டிவிடுறம்.

அந்த முற்றங்களில் இருந்தவைக்கு இப்ப ஐம்பது, அறுபது வயது. கனபேர் கனடாவிலும் லண்டனிலும். அவையள் சொன்ன தீர்ப்புகள் ஒரு பேப்பரிலும் வந்ததில்லை. ஆகவே வாசிக்கிற உங்களிட்ட ஒரு வேலை தாறம். இந்தக் கிழமை வீட்டில மூண்டு கேள்வி கேளுங்கோ: எந்தப் படம், ஆற்ற வீட்டில, எண்ணெய்க்குக் காசு குடுத்தது ஆர்? பதிலைக் கொப்பியில் எழுதி, திகதியும் போட்டு வையுங்கோ. நாங்களும் எங்கட வீடுகளில் தொடங்கிட்டம்.