எஸ்.ஓ.எஸ். குறியின் தோற்றம்: 1905 ஜெர்மானிய விதிகளை முன்வைத்து ஒரு மறுஆய்வு

கடலில் ஆபத்துக்குள்ளான கப்பல் மூன்று புள்ளி, மூன்று கோடு, மூன்று புள்ளி கொண்ட குறியை அனுப்ப வேண்டும் என்பதைப் பன்னாட்டு விதியாக்கியது பெர்லின் கம்பியில்லாத் தந்தி உடன்படிக்கை. அது 1906 நவம்பர் 3 அன்று கையெழுத்தாகி, 1908 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்தது. இதில் கருத்து வேறுபாடு இல்லை. அந்தக் குறி பெர்லின் மாநாட்டுக்கு எங்கிருந்து வந்தது என்பதில்தான் சிக்கல்.

ஆங்கில வானொலி வரலாறுகளில் நெடுங்காலமாக ஒரு விளக்கம் வழங்கிவருகிறது. ஜெர்மனி முதலில் எஸ்.ஓ.இ. என்பதையே ஆபத்துக் குறியாக முன்மொழிந்ததாம். இ என்ற எழுத்து மோர்ஸ் முறையில் ஒற்றைப் புள்ளி. இடி மின்னலின் இரைச்சலில் அது காதில் விழாமல் போகலாம் என்று அஞ்சிய மாநாட்டினர், இ-யை நீக்கி எஸ் சேர்த்தார்களாம். நூலுக்கு நூல் ஏறக்குறைய ஒரே வடிவில் வரும் இந்தச் செய்தியை எவரும் மூலத்தோடு ஒப்பிட்டுப் பார்த்ததாகத் தெரியவில்லை. ஒப்பிட்டால் இது நிற்காது.

1904 ஜனவரி 7 அன்று மார்க்கோனி நிறுவனம் தன் 57ஆம் சுற்றறிக்கையை வெளியிட்டது. உதவி தேவைப்படும் கப்பல்கள் பிப்ரவரி 1 முதல் சி.க்யூ.டி. என்று அழைக்க வேண்டும் என்றது அது. சி.க்யூ. என்பது எல்லா நிலையங்களையும் விளிக்கும் பழைய தந்தி வழக்கு. அதனுடன் டி சேர்ந்தது. ஆனால் அது ஒரு நிறுவனம் தன் ஊழியர்களுக்கு இட்ட கட்டளை மட்டுமே. 1903இல் பெர்லினில் கூடிய முன்னோடி மாநாட்டில் இத்தாலியின் சார்பில் எஸ்.எஸ்.எஸ்.டி.டி.டி. என்றொரு குறி பரிந்துரைக்கப்பட்டு, ஏற்கப்படாமல் போனது.

இவற்றுக்கு அடுத்து வருவதே இங்கு முதன்மைச் சான்று. 1905 ஏப்ரல் 1 முதல் ஜெர்மனி தன் வானொலி நிலையங்களுக்குத் தனி விதிகளை நடைமுறைப்படுத்தியது. அவற்றில் மூன்று புதிய குறிகள் உள்ளன. ஆறு கோடுகளால் ஆன அமைதிக் குறி முதலாவது. மற்ற நிலையங்களை ஓயச் சொல்லிக் கரை நிலையம் அனுப்புவது. இரண்டாவது ஆபத்துக் குறி:

· · · — — — · · ·

மற்ற எல்லா நிலையங்களும் ஓயும்வரை ஆபத்திலுள்ள கப்பல் இதைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டும். மூன்றாவது தேடற்குறி:

· · · — — — ·

அருகில் வேறு கப்பல் இருப்பதாகத் தோன்றுகிறது, ஆனால் அதன் அழைப்புக் குறி தெரியவில்லை என்றால் அதன் கவனத்தை ஈர்க்க இது பயன்பட்டது. எழுத்தாகப் பிரித்தால் இதுவே எஸ்.ஓ.இ. ஆனால் விதிகள் இவற்றை எழுத்துகளாகக் கருதவில்லை. மூன்றும் இடைவெளியின்றி ஒரே வீச்சில் அனுப்பவேண்டிய தொடர்கள். ஆபத்துக் குறியை வி.டி.பி. என்றோ, ஐ.ஜே.எஸ். என்றோ பிரித்தாலும் அதே புள்ளிகளும் கோடுகளுமே கிடைக்கும்.

ஆக, மாநாட்டுக்கு ஒன்றரை ஆண்டு முன்பே ஜெர்மானிய விதிகளில் இரண்டு குறிகளும் அருகருகே, வெவ்வேறு பணிகளோடு இருந்தன. எஸ்.ஓ.இ. கைவிடப்பட்ட வரைவு அல்ல. தேடற்குறியாக நடைமுறையில் இருந்தது. 1906 உடன்படிக்கையின் சேவை விதிகளில் 16ஆம் விதி ஆபத்துக் குறியைக் கூறுமிடத்தில், ஒன்பது உறுப்புகளும் 1905இல் உள்ளபடியே மாறாமல் அமைந்திருக்கின்றன. மாநாட்டில் எழுத்து மாற்றப்பட்டதென்ற கூற்றுக்கு அங்கே இடமே இல்லை. இந்த ஜெர்மானிய விதிகள் லண்டனின் ‘எலக்ட்ரீஷியன்’ 1905 மே 5 இதழிலேயே ஆங்கிலத்தில் வந்துவிட்டன. அதன் பிறகும் பழைய விளக்கம் கேள்வியின்றித் தொடர்ந்தது வியப்புக்குரியது.

பழைய விளக்கம் அழைப்புக் குறிகளின் நிலையைக் கணக்கில் கொள்ளாததே பிழைக்கு வேர். 1905இல் கப்பல்களின் அழைப்புக் குறிகளுக்குப் பன்னாட்டு ஒழுங்கு கிடையாது; அவற்றை நிறுவனங்களே சூட்டின. மார்க்கோனி நிலையங்கள் போட்டி நிறுவனக் கருவிகளோடு பேச மறுத்த காலம் அது. எதிரே வரும் கப்பலின் பெயர் தெரியாமல், எந்தக் குறியால் அதை அழைப்பது? தேடற்குறி பிறந்தது இந்தத் தேவைக்காக. ஆபத்துக் குறியின் பணியோ நேர்மாறு: குறிப்பிட்ட எவரையும் தேடாமல் எல்லோரையும் ஒரே நேரத்தில் நிறுத்தி வைப்பது.

இருப்பினும் பழைய விளக்கத்தை முற்றிலும் கட்டுக்கதை என்று ஒதுக்க வேண்டியதில்லை. தேடற்குறியோடு இரண்டு புள்ளிகளைக் கூட்டினால் ஆபத்துக் குறி வந்துவிடுகிறது. இந்த ஒற்றுமை தற்செயலாக இருக்க வாய்ப்பில்லை. இரண்டையும் ஒரே கை ஒரே சமயத்தில் வகுத்திருக்க வேண்டும். அப்போது ஒற்றைப் புள்ளியில் முடியும் வடிவம் ஆபத்துக்குப் போதாது என்ற எண்ணம் எழுந்திருக்கலாம். விதியில் உள்ள ‘திரும்பத் திரும்ப’ என்ற நிபந்தனையே இதற்குத் துணை நிற்கிறது. எஸ்.ஓ.இ.யை விரைந்து அடுக்கி அனுப்பினால், கடைசிப் புள்ளி அடுத்த மூன்று புள்ளிகளோடு ஒட்டிக்கொண்டு நான்காகக் கேட்கும். குறி எங்கே தொடங்குகிறது என்பதே தெளிவாகாது. முன்னும் பின்னும் ஒத்த வடிவத்தில் இந்தக் குழப்பம் குறைவு. ஒற்றைப் புள்ளி குறித்த அச்சம் உண்மையானால், அதன் காலம் 1905 ஏப்ரலுக்கு முந்தையது, இடம் ஜெர்மானிய அலுவலகம். 1906 மாநாட்டு மண்டபத்தை அதற்குக் களமாக்க முடியாது. இது குறிகளின் வடிவத்திலிருந்து பெறும் ஊகம்தான். ஆனாலும் பழைய விளக்கத்தைவிடச் சான்றுகளோடு நன்றாகப் பொருந்துகிறது.

புதிய குறி மெல்லத்தான் பரவியது. 1909 ஜனவரி 23 அன்று நாண்டக்கெட் அருகே ‘புளோரிடா’ மோதிய ‘ரிபப்ளிக்’ கப்பலிலிருந்து ஜாக் பின்ஸ் அனுப்பியது சி.க்யூ.டி.யே. ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காப்பாற்றப்பட்ட அந்த நிகழ்வு பழைய குறிக்கே புகழ் சேர்த்தது. எஸ்.ஓ.எஸ். முதலில் எந்தக் கப்பலிலிருந்து ஒலித்தது என்பதற்கு 1909 ஜூன் 10இல் அசோர்ஸ் தீவுகளருகே தரைதட்டிய ‘ஸ்லவோனியா’வையும், அதே ஆண்டு ஆகஸ்ட் 11இல் ஹட்டராஸ் முனையருகே இயந்திரத் தண்டு முறிந்த ‘அரபாஹோ’வையும் சொல்வதுண்டு, வழக்கு இன்னும் முடியவில்லை. ‘டைட்டானிக்’ முதலல்ல என்பது மட்டும் உறுதி. 1912 ஏப்ரல் 15 நள்ளிரவுக்குப் பின் அதன் இயக்குநர் பிலிப்ஸ் சி.க்யூ.டி.யோடு எம்.ஜி.ஒய். என்ற தன் கப்பலின் அழைப்புக் குறியைச் சேர்த்து அனுப்பினார். துணை இயக்குநர் பிரைட் சொன்ன பிறகே எஸ்.ஓ.எஸ்.ஸையும் பயன்படுத்தினார். ‘டைட்டானிக்’ எம்.ஜி.ஒய்., ‘கார்ப்பேதியா’ எம்.பி.ஏ., ‘கலிஃபோர்னியன்’ எம்.டபிள்யூ.எல். என மார்க்கோனி கப்பல்களின் குறிகள் எம்மில் தொடங்கின. அழைப்பைக் கேட்டுப் பதிலளித்த ஜெர்மானியக் கப்பல் ‘ஃபிராங்க்பர்ட்’டின் குறி டி.எஃப்.டி. முதல் எழுத்து அன்றும் நிறுவனத்தின் முத்திரையாகவே இருந்தது. நாட்டை அது சுட்டவில்லை. 1906 உடன்படிக்கை மூன்றெழுத்துக் குறி வேண்டும், ஒன்றோடொன்று குழம்பக்கூடாது என்று மட்டுமே கேட்டிருந்தது.

1912 லண்டன் மாநாடு இதை மாற்றியது. அதைத் தொடர்ந்து 1913இல் நாடுகளுக்கு எழுத்துத் தொகுதிகள் பங்கிடப்பட்டன: பிரிட்டனுக்கு பி, ஜி, எம், பிரான்சுக்கு எஃப், இத்தாலிக்கு ஐ, அமெரிக்காவுக்கு என், டபிள்யூ, கே-யின் பெரும்பகுதி. அதே மாநாடு, தொடர்பு கொள்ள விரும்பும் நிலையத்தின் பொது விசாரணைக் குறியாக சி.க்யூ.வை ஏற்றது. ஜெர்மானியத் தேடற்குறியின் வேலை இவ்வாறு சி.க்யூ.வுக்குப் போயிற்று, ஆபத்துக் குறி அப்படியே நீடித்தது. இரண்டின் விதியும் இப்படிப் பிரிந்ததே, அவை தொடக்கம் முதல் வெவ்வேறு பணிகளுக்கானவை என்பதற்கு மேலும் ஒரு சான்று.

1927 வாஷிங்டன் மாநாடு குரல்வழித் தொடர்புக்கு ‘மேடே’ என்ற சொல்லைச் சேர்த்தது. 1999 பிப்ரவரி 1 முதல் முழுமையாக நடைமுறைக்கு வந்த உலகக் கடல்சார் ஆபத்து, பாதுகாப்பு அமைப்பில் பெரிய கப்பல்களுக்கு மோர்ஸ் கட்டாயமில்லை. பொத்தானை அழுத்தியதும் ஆபத்து எச்சரிக்கையோடு கப்பலின் ஒன்பது இலக்க அடையாள எண்ணும் தானாகச் செல்கிறது. அதன் முதல் மூன்று இலக்கங்கள் நாட்டைக் காட்டும், இந்தியாவுக்கு 419, இலங்கைக்கு 417.