அரிவாள் செல் சோகையும் மனநலமும் (ஆனைமலை)

அரிவாள் செல் சோகை, தாய் தந்தை இருவரிடமிருந்தும் வரும் மரபணுக் குறையால் உண்டாகும் ரத்த நோய். சிவப்பணுக்கள் அரிவாள்போல் வளைந்து நுண்குழாய்களை அடைப்பதால் எலும்பிலும் மூட்டிலும் நெஞ்சிலும் திடீரெனக் கடும் வலி எழும். இதன் மரபணுக்கூறு இந்தியாவில் முதன்முதலாக 1952-இல் நீலகிரிப் பழங்குடியினரிடம் கண்டறியப்பட்டது. பாலக்காட்டுக் கணவாய்க்குத் தெற்கே உள்ள ஆனைமலையில் காடர், மலசர், மலைமலசர், முதுவர், புலையர், எரவாளர் ஆகிய பழங்குடியினர் வாழ்கின்றனர். 2023 ஜூலை 1-இல் தொடங்கிய தேசிய ஒழிப்பு இயக்கம், தமிழ்நாடு உள்ளிட்ட 17 மாநிலங்களில் பழங்குடியினர் மிகுந்த பகுதிகளில் 40 வயது வரையுள்ளோருக்கு ரத்தப் பரிசோதனை செய்கிறது.

இந்நோயின் வலி வெளியே தெரியாது. காய்ச்சல் என்றால் நெற்றியைத் தொட்டுப் பார்க்கலாம். இதற்கு அதுவும் இல்லை. "நேத்து நல்லாத்தானே இருந்தே?" என்ற கேள்வியில் நோயாளி பொய் சொல்பவராகிவிடுகிறார். குளிரும் உடலில் நீர் வற்றுவதும் வலியைத் தூண்டும். ஆனைமலையிலுள்ள வால்பாறையின் மழைக்காலத்துக்குக் குளிர் புதிதல்ல. இரவில் வலி வந்தால் அங்கிருந்து 40 கொண்டை ஊசி வளைவுகள் இறங்கித்தான் பொள்ளாச்சிப் பெரிய ஆஸ்பத்திரியை அடைய வேண்டும். அடுத்த வலி எப்போது வருமோ என்ற அச்சமே பதற்றமாகவும் மனச்சோர்வாகவும் முற்றுகிறது. பிள்ளைகளுக்கு மூளையில் சத்தமில்லாமல் நேரும் சிறு அடைப்புகள் கவனத்தைக் குலைக்கும்; அதைச் சோம்பல் என்று கண்டிப்பது கொடுமை.

ஆகவே வலியை நம்புவதே முதல் மனநல உதவி. ஹைட்ராக்சியூரியா மாத்திரை வலி வரும் தடவைகளைக் குறைப்பதால், அது மனதுக்கும் மருந்துதான். திருமணப் பேச்சில் நோயாளியையும் மரபணுவை மட்டும் சுமப்பவரையும் ஒன்றாக்கி ஒதுக்குவதுண்டு. சுமப்பவர் பொதுவாக நலமாகவே வாழ்வார். சுமப்பவர் இருவர் மணந்தால் ஒவ்வொரு கருவுக்கும் நோய் வர 25 விழுக்காடு வாய்ப்பு. குறை இருவர் வழியாகவும் வருவதால் தாயை மட்டும் பழிப்பதில் நியாயமில்லை. இதைக் கோயம்புத்தூரிலிருந்து வரும் அதிகாரி ஒருமுறை சொல்வதைவிட, பதியிலேயே (பழங்குடிக் குடியிருப்பிலேயே) பிறந்த ஒருவர் அடிக்கடி சொன்னால்தான் எடுபடும். நீலகிரியின் கூடலூர் ஆதிவாசி மருத்துவமனை பழங்குடிப் பெண்களையே செவிலியராகவும் சுகாதாரப் பணியாளராகவும் பயிற்றுவித்தது. ஆனைமலைக்கும் அந்த வழியே பொருந்தும்.

2016-ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தில் இந்நோயும் இடம்பெற்றுள்ளது. மனநல ஆலோசனைக்கு 14416 என்ற இலவச எண்ணில் எந்நேரமும் தமிழிலேயே பேசலாம்.