பைபாஸுக்குக் கையிலிருந்து ரத்தக்குழாய்: கை என்னாகும்?

"அடைப்பு நெஞ்சில்தானே, கையை ஏன் கிழித்தார்கள்?" பைபாஸ் முடிந்தவரை நலம் விசாரிக்கப் போகும்போது பலர் கேட்கும் கேள்வி இது. கொல்லிமலை அடிவாரத்தில் காளப்பநாயக்கன்பட்டியிலும் இதையே நாம் கேட்கிறோம். தோட்ட வேலைக்கு மலையேறுபவருக்கும் லாரி ஓட்டுபவருக்கும் கைதான் பிழைப்பு. அதனால் அந்தப் பயம் நியாயமானதே.

எடுப்பது எது?

நாடி பார்க்கும் இடத்தில், பெருவிரல் பக்கம் துடிக்கும் ரேடியல் தமனியைத்தான் எடுக்கிறார்கள். சுண்டுவிரல் பக்கம் அல்னார் என்ற இன்னொரு தமனி உண்டு. இரண்டும் உள்ளங்கையில் இணைவதால், ஒன்றை எடுத்தாலும் மற்றொன்று கைக்கு ரத்தம் தரும். அது போதுமா என்பதை ஆலன் பரிசோதனையாலோ ஸ்கேனாலோ முன்னதாகவே பார்ப்பார்கள். போதாதென்றால் அந்தக் கையைத் தொடமாட்டார்கள்.

காலில் எடுத்தால் ஆகாதா?

ஆகும். 1975இல் சென்னை பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில் டாக்டர் கே.எம். செரியன் இந்தியாவின் முதல் பைபாஸைச் செய்தார். இன்றும் காலின் சிரை பரவலாகப் பயன்படுகிறது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அது அடைபடுவது அதிகம்.

கைத் தமனியை 1970களின் தொடக்கத்தில் பிரான்சின் அலைன் கார்ப்பென்டியர் பயன்படுத்தினார். அது சுருங்கி அடைபட்டதால் கைவிடப்பட்டது. சுருக்கத்தைத் தடுக்கும் மருந்துகளும், பக்குவமாக எடுக்கும் முறையும் வந்தபின் 1990களில் மீண்டும் வழக்கத்துக்கு வந்தது. 1,036 நோயாளிகளைக் கொண்ட 6 ஆய்வுகளின் தொகுப்பு 2018இல் வெளியானது. 5 ஆண்டுகளில், கால் சிரையைவிடக் கைத் தமனி குறைவாகவே அடைபட்டதாக அது காட்டியது.

எல்லோருக்கும் இது பொருந்தாது. இதயக் குழாயில் அடைப்பு கடுமையாக இருந்தால்தான் பலன் அதிகம். டயாலிசிஸ் தேவைப்படக்கூடிய சிறுநீரக நோயாளிகளுக்குக் கைத் தமனியைப் பெரும்பாலும் எடுப்பதில்லை.

குடும்பத்தார் கவனிக்க

- இடக்கைப் பழக்கம் உள்ளவரா, எந்தக் கையால் தொழில் செய்பவர் என்று மருத்துவரிடம் சொல்லுங்கள். பழக்கமில்லாத கையிலேயே பெரும்பாலும் எடுப்பார்கள்.
- மணிக்கட்டு வழியாக ஆஞ்சியோ செய்திருந்தால், எந்தக் கை என்று சொல்லுங்கள். அந்தத் தமனி பாதிக்கப்பட்டிருக்கலாம்.
- தமனி எடுக்கவுள்ள கையில் ஊசி, டிரிப் வேண்டாமென்று செவிலியரிடம் நினைவூட்டுங்கள்.
- பிறகு பெருவிரல் பக்கம் மரத்துப்போவது சிலருக்கு உண்டு. பெரும்பாலும் நாளடைவில் குறையும். விரல்கள் வெளிறினாலோ, குளிர்ந்தாலோ, வலி கூடினாலோ உடனே மருத்துவரிடம் காட்டுங்கள்.
- கொடுத்த மாத்திரைகளைக் கேட்காமல் நிறுத்தாதீர்கள்.

கட்டு இருக்கும் நாட்களில் ஒளுவுக்குச் சலுகை உண்டு. கட்டை நனைக்காமல், ஆலிமிடம் கேட்டு நடந்துகொள்ளுங்கள்.