பல்லாங்குழி லினக்ஸுக்கு வந்த வழி

1989-இல் மலேசியாவின் மத்திய வங்கியான பேங்க் நெகாரா புதிய நாணய வரிசையை வெளியிட்டபோது ஐந்து காசில் பம்பரத்தையும், ஐம்பது காசில் வாவ் பட்டத்தையும், பத்துக் காசில் மலாய்க்காரர் ஆடும் சொங்காக் பலகையையும் பொறித்தது. 2012-இல் அடுத்த வரிசை வரும்வரை, ஜாசினிலும் அலோர்காஜாவிலும் தமிழ்ப்பள்ளிக்குப் போன பிள்ளைகள் அந்தப் பலகையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டுதான் போனார்கள். பாட்டி ஆடிய பல்லாங்குழிக்கும் காசில் இருந்த படத்துக்கும் உறவு உண்டு என்பதை அவர்களில் பலருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அந்த உறவு நம் மலாக்கா மாநிலத்தின் கதை. இப்போது கணினிவரை வந்து நிற்கிறது.

பல்லாங்குழி தெரியாத இளையவர்களுக்காகச் சுருக்கமாகச் சொல்கிறேன். இரண்டு வரிசை, வரிசைக்கு ஏழு, மொத்தம் பதினான்கு குழி. குழிக்கு ஐந்து அல்லது ஆறு காய். சோழி, புளியங்கொட்டை, குன்றிமணி, கையில் எது இருக்கிறதோ அது. உங்கள் பக்கத்துக் குழி ஒன்றை அள்ளி, அடுத்தடுத்த குழிகளில் ஒவ்வொன்றாகப் போட்டுக்கொண்டே போவீர்கள். கைக்காய் தீர்ந்ததும் அதற்கடுத்த குழியை அள்ளித் தொடர்வீர்கள். அடுத்த குழி காலி என்றால் அதைத் துடைத்துவிட்டு, அதற்கும் அடுத்த குழியில் இருப்பதை எடுத்துக்கொள்வீர்கள். பிறகு ஆட்டம் கைமாறும். ஆட்டத்தின் நடுவே ஒரு குழியில் நான்கு காய் சேர்ந்தால் அது 'பசு'. குழிக்கு உரியவர் அதை அள்ளிக்கொள்ளலாம்.

சொங்காக்கிலும் ஏழு ஏழு குழிதான். ஆனால் பலகையின் இரண்டு முனைகளிலும் பெரிய குழி ஒன்று உண்டு. ஆளுக்கொரு களஞ்சியம். குழிக்கு ஏழாக 98 காய். கடைசிக் காய் சொந்தக் களஞ்சியத்தில் விழுந்தால் இன்னொரு முறை ஆடலாம். சொந்தப் பக்கத்துக் காலிக் குழியில் விழுந்தால் எதிர்க்குழியைப் பிடிக்கலாம். பசு கிடையாது. களஞ்சியம் வந்தவுடன் ஆட்டத்தின் குணமே மாறிவிடுகிறது. பல்லாங்குழியில் காலியை எண்ணி ஆடுகிறோம், சொங்காக்கில் வீடு சேரும் தூரத்தை எண்ணி ஆடுகிறோம்.

யார் யாருக்குக் கொடுத்தார்கள்? பதினைந்தாம் நூற்றாண்டில் மலாக்காத் துறைமுகத்துக்கு வந்த இந்திய, அரபு வணிகர்கள் வழியாக இந்த ஆட்டம் மலாய் உலகுக்கு வந்தது என்று பரவலாகச் சொல்லப்படுகிறது. ஆனால் இதே குடும்பத்து ஆட்டங்கள் ஆப்பிரிக்கா முழுவதும் உண்டு. மாலத்தீவில் எட்டுக் குழி வரிசையோடு 'ஒவல்ஹு' இருக்கிறது. இலங்கையில் சிங்களப் புத்தாண்டுக்குக் குன்றிமணி வைத்து 'ஒலிந்த கெலிய' ஆடுகிறார்கள். ஜாவாவில் 'டாக்கோன்', பிலிப்பைன்ஸில் 'சுங்கா'. 1894-இல் இந்த ஆட்டங்களைப் பற்றிக் கட்டுரை எழுதிய அமெரிக்க ஆய்வாளர் ஸ்டூவர்ட் குலின் இதை ஆப்பிரிக்காவின் தேசிய ஆட்டம் என்றே அழைத்தார். ஆகவே 'எங்களுடையது' என்று யாரும் மார்தட்டத் தேவையில்லை. கப்பல் போன துறைமுகத்திலெல்லாம் குழி விழுந்திருக்கிறது, விதி மட்டும் ஊருக்கு ஊர் மாறியிருக்கிறது. எனக்கு இந்த மாற்றம்தான் பெரிது.

மலாக்காவின் தனிச்சிறப்பு வேறு. இங்கே தமிழர் இரண்டு முறை வந்து இறங்கினார்கள். முதலில் வந்தவர்கள் சுல்தான் காலத்து வணிகர்கள். அவர்கள் உள்ளூர்ப் பெண்களை மணந்து உருவான மலாக்காச் செட்டிகள் இன்றும் காஜா பெராங்கில் வாழ்கிறார்கள். வீட்டுப் பேச்சு மலாய், வழிபாடு சைவம். 1781-இல் எழுந்த ஸ்ரீ பொய்யாத விநாயகர் மூர்த்தி ஆலயம் அவர்களுடையது. அடுத்து வந்தவர்கள் பால்மரத்துக்காக வந்தவர்கள். 1896-இல் டான் சே யான் என்ற மலாக்காச் சீனர் புக்கிட் லிந்தாங்கில் நாற்பது ஏக்கரில் ரப்பர் நட்டார். மலாயாவில் வணிகத்துக்காக ரப்பர் நட்ட முன்னோடிகளில் அவர் ஒருவர். பிறகு புக்கிட் அசாஹானில் பெரிய அளவில் நட்டார். அடுத்த சில பத்தாண்டுகளில் இந்த மாநிலத்தின் மேடெல்லாம் பால்மரமானது. மரம் சீவக் கங்காணிகள் வழியாகத் தமிழ்நாட்டுக் கிராமங்களிலிருந்து குடும்பங்கள் வந்தன.

அந்தக் குடும்பங்களின் பெண்களுடன் பல்லாங்குழியும் வந்தது. மரப்பலகையைக் கப்பலில் தூக்கி வரவேண்டிய அவசியம் இல்லை. விதி தலைக்குள் இருந்தது. குழி தோண்ட, தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தின் வாசல் மண் போதும். காய்க்கோ பஞ்சமே இல்லை, காலடியில் ரப்பர் கொட்டை. மலாய்க் கம்பத்துப் பிள்ளைகளும் சொங்காக்குக்கு ரப்பர் கொட்டையைப் பயன்படுத்தினார்கள். துறைமுகத்து வணிகக் காலத்தில் கைமாறிய ஆட்டம், தோட்டத்தில் தன் பழைய உறவினரோடு ஒரே கொட்டையைப் பங்குபோட்டுக்கொண்டது. நம் மாநில வரலாற்றில் நான் மிகவும் நேசிக்கும் செய்தி இது.

பல்லாங்குழி பெண்கள் காத்த ஆட்டம். வயதுக்கு வந்த பெண்ணும் பிள்ளைத்தாய்ச்சியும் வீட்டுக்குள் இருந்த நாட்களில் ஆடியது. அசோகவனத்தில் சீதை தனியாக ஆடியதாகச் சொல்லப்படும் 'சீதைப் பாண்டி' ஒற்றை ஆள் ஆட்டம். பல்லாங்குழியில் இன்னும் பல வகை உண்டு. எதற்கும் அச்சடித்த விதிப்புத்தகம் இல்லை. அத்தைக்கு ஒரு விதி, சின்னம்மாவுக்கு ஒரு விதி. ஆட்டம் தொடங்கும் முன் 'உங்க வீட்ல எப்படி?' என்று கேட்டுக்கொள்வார்கள்.

பிறகு நடந்தது நமக்குத் தெரியும். தோட்டங்கள் துண்டாடப்பட்டன. பால்மரம் போய்ச் செம்பனை வந்தது. லயங்கள் காலியாகிக் குடும்பங்கள் தாமான் வீடுகளுக்குப் போயின. சிமெண்டுத் தரையில் குழி பறிக்க முடியாது. பலகை கண்ணாடி அலமாரிக்குள் போனது. மலாய்ப் பள்ளிப் பாடநூலிலும் கலாசார விழாக்களிலும் சொங்காக் தப்பித்தது. பல்லாங்குழிக்கு அந்த ஆதரவு கிடைக்கவில்லை.

இதற்கிடையே ஆட்டம் கணினிக்குள் நுழைந்திருந்தது, வேறொரு வாசல் வழியாக. 1940 வாக்கில் வில்லியம் ஜூலியஸ் சாம்பியன் என்ற அமெரிக்கர் இந்தக் குடும்பத்து ஆட்டங்களைப் பார்த்து, ஆறு ஆறு குழியும் இரண்டு களஞ்சியமும் கொண்ட 'கலாஹ்' என்ற எளிய வடிவத்தை உருவாக்கினார். 1950-களில் காப்புரிமையும் வாங்கிப் பலகைகளை விற்றார். பல நூற்றாண்டு பொதுவில் கிடந்த ஆட்டத்தின் ஒரு வடிவம் ஒருவர் பெயரில் பதிவானது. 1960-களில் அமெரிக்கப் பல்கலைக்கழகக் கணினிகளுக்குக் கலாஹ் ஆடக் கற்றுக்கொடுத்தார்கள். 2002-இல் ஆம்ஸ்டர்டாமின் விரையே பல்கலைக்கழகத்தில் ஜான் ரோமைனும் ஹென்ரி பாலும் ஆப்பிரிக்க வகையான ஒவாரியை முழுக்கத் தீர்த்தார்கள். 144 செயலிகள், 51 மணி நேரம், 88,906 கோடி ஆட்ட நிலைகள். இருவரும் பிழையின்றி ஆடினால் ஆட்டம் சமன் என்பது முடிவு. பல்லாங்குழிக்கு இப்படி யாரும் உட்கார்ந்து கணக்குப் போட்டதாக நான் படித்ததில்லை.

உண்மையில் கணினிக்கு இதைவிடப் பொருத்தமான பலகை கிடையாது. பதினான்கு எண்களின் வரிசை, அவ்வளவுதான். ஓர் இடத்தைச் சுழியாக்கு, அடுத்த இடங்களில் ஒன்று ஒன்றாகக் கூட்டு, அடுத்த இடம் சுழியா என்று பார். காகிதத்திலேயே போட்டுப் பார்க்கலாம். குழிக்கு ஐந்து காய் வைத்து முதல் குழியில் தொடங்குங்கள். 1, 7, 13, 5, 12 என்று ஐந்து குழிகளை அள்ளிச் சுற்றிவந்து, காலியான ஐந்தாம் குழியின் வாசலில் நிற்பீர்கள். அதைத் துடைத்து ஆறாம் குழியின் ஏழு காய்களை எடுக்கலாம். குழிக்கு ஆறு என்று வையுங்கள். முதல் குழி, எட்டாம் குழி, இரண்டே அள்ளல். மீண்டும் முதல் குழிக்கு வந்து, அது காலி என்பதால் துடைத்து, இரண்டாம் குழியின் ஏழு காய்களை எடுத்து முடித்துவிடுவீர்கள். கிடைப்பது அதே ஏழு, பாதை வேறு. குழிக்கு ஒரு காய் கூடினால் ஆட்டமே வேறாகிறது. எந்த வீட்டில் எத்தனை காய் வைத்தார்கள் என்பது சின்ன விவரம் அல்ல.

கைப்பேசியில் தேடினால் பல்லாங்குழிச் செயலிகள் கிடைக்கின்றன. இலவசமாகவே கிடைக்கும் பலவற்றில் இடையிடையே விளம்பரம். விதி உள்ளே பூட்டிக் கிடக்கிறது. 'எங்க வீட்ல பசு கிடையாது' என்று அதனிடம் சொல்ல முடியாது. செய்தவர் கைவிட்டுவிட்டால், கைப்பேசியின் அடுத்த பதிப்பில் அது ஓடாமல் போகலாம். பழைய டாஸ் ஆட்டங்களுக்கும் இந்தக் கதிதான் நேர்ந்தது. அவற்றை லினக்ஸில் ஓட்ட, பழைய கணினியையே மென்பொருளால் போலச்செய்யும் டாஸ்பாக்ஸ் போன்ற கருவிகள் வேண்டியிருந்தன. 'டூம்' ஆட்டத்தின் கதை வேறு. 1993-இல் வந்த அந்த ஆட்டத்தின் மூலநிரலை, அதை உருவாக்கிய நிறுவனமே 1997-இல் வெளியிட்டது. அதனால்தான் இன்றும் உலகெங்கும் ஆர்வலர்கள் அதைப் புதிய கருவிகளில் ஓட்டுகிறார்கள். பழைய ஆட்டம் பிழைப்பதற்கு உள்ளே திறந்து பார்க்கும் உரிமையைவிடப் பெரிய மருந்து இல்லை. பாட்டிகளின் ஆட்டத்துக்கு அந்த உரிமை என்றுமே இருந்தது.

லினக்ஸ் இங்கேதான் நமக்கு உதவுகிறது. 1991-இல் ஹெல்சிங்கி மாணவர் லினஸ் டோர்வால்ட்ஸ் எழுதத் தொடங்கியது இயங்குதளத்தின் கருவகம் மட்டும். அதோடு தேவையான மென்பொருள்களைச் சேர்த்து, சோதித்து, ஒரே தொகுப்பாகத் தருவதுதான் வழங்கல். 1993-இல் டெபியன், 2004-இல் உபுண்டு, 2006-இல் லினக்ஸ் மின்ட். பழைய கணினிக்கும் ஏற்ற லுபுண்டு, பப்பி போன்ற எடை குறைந்த வழங்கல்களும் உண்டு. புது விண்டோஸ் ஏற்காத கணினி பலவற்றிலும் இவை ஓடும். பணம் கட்ட வேண்டாம், நகலெடுத்துக் கொடுப்பதும் குற்றமல்ல. மலேசிய அரசே 2004-இல் பொதுத்துறைக்கான திறந்த மூல மென்பொருள் பெருந்திட்டத்தை அறிவித்தது.

இந்த வழங்கல்களின் மென்பொருள் களஞ்சியத்தில் ஜி-காம்ப்ரி என்ற சிறுவர் கல்வித் தொகுப்பு கிடைக்கும். பிரான்ஸைச் சேர்ந்த புருனோ குதுவான் 2000-இல் தொடங்கியது, இப்போது கேடிஇ என்ற கட்டற்ற மென்பொருள் சமூகத்தின் பராமரிப்பில் இருக்கிறது. நூற்றுக்கும் மேற்பட்ட பயிற்சிகள் அதில் உண்டு. ஆனால் நம் பிள்ளைகள் அதைத் திறந்தால் பல்லாங்குழியைப் பார்க்க முடியாது. அந்தக் குறை தீரத் தொடங்கியிருக்கிறது. கேடிஇ சமூகத்தில், இந்த ஆட்டக் குடும்பத்தின் பொதுப்பெயரைத் தாங்கிய 'மங்காலா என்ஜின்' என்ற நிரல்தொகுப்பு உருவாகி வருகிறது. இந்தக் குடும்பத்து ஆட்டம் எதையும் அதன் விதியை மட்டும் எழுதிச் சேர்க்கும்படி அதை அமைத்திருக்கிறார்கள். பலகையும் எதிராளியாக ஆடும் கணினி மூளையும் பொது. 2025-இல் புதியவர்களுக்கான கேடிஇயின் பயிற்சித் திட்டத்தில் அதில் பல்லாங்குழியைச் சேர்க்கும் வேலை நடந்தது. கப்பலேறி, லயத்து மண்ணைத் தாண்டி வந்த ஆட்டம் இப்படித்தான் லினக்ஸை அடைந்தது.

அங்கே சேரும் விதி தமிழ்நாட்டு, கேரள விதியாக இருப்பது இயல்பு. மலாக்காத் தோட்டங்களின் விதியைத் தமிழ்நாட்டில் இருப்பவர் எழுத முடியாது. நாம்தான் எழுத வேண்டும். அதற்கான திறமை நமக்கு உண்டு. முத்து நெடுமாறன் 1985-இலேயே இந்த நாட்டிலிருந்து கணினியில் தமிழை எழுத வைத்தவர். ஆயர் குரோவில் மல்டிமீடியா பல்கலைக்கழகமும், டுரியான் துங்காலில் மலேசிய மலாக்காத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் இருக்கின்றன. அங்கே நிரலாக்கம் படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது ஓர் இறுதியாண்டுத் திட்டமாகவே அமையும். பதினான்கு எண்கள், சில விதிகள். அவை பொதுத் தொகுப்பில் சேர்ந்துவிட்டால், மெர்லிமாவ் தமிழ்ப்பள்ளியின் பழைய கணினியிலும் ஆடலாம், மொரிஷியஸில் இருக்கும் ஒரு பிள்ளையும் ஆடலாம்.

ஆனால் விதி முதலில் கிடைக்க வேண்டும். அது இன்று எழுபது, எண்பது வயதில் இருக்கும் பெண்களின் தலையில் இருக்கிறது. அடுத்த முறை குடும்பம் கூடும்போது அவர்களில் ஒருவர் பக்கத்தில் உட்காருங்கள். எந்தத் தோட்டத்தில் ஆடினார்கள், குழிக்கு எத்தனை காய், பசு உண்டா, பசு யாருக்கு, காலிக் குழியைத் துடைத்து எடுத்தபின் ஆட்டம் தொடருமா, இரண்டு குழி அடுத்தடுத்துக் காலியாக இருந்தால் என்ன செய்வார்கள், அடுத்த சுற்றில் நிரப்ப முடியாத குழியை என்ன பெயர் சொல்லி அழைத்தார்கள் என்று கேளுங்கள். முடிந்தால் ஒரு முழு ஆட்டத்தைக் காணொளியாக எடுங்கள். பக்கத்து வீட்டு மலாய்ப் பாட்டியிடம் சொங்காக்கையும் கேட்டுக்கொள்ளுங்கள். எழுதியதைப் பூட்டி வைக்காமல், யாரும் எடுத்து மாற்றி ஆடலாம் என்ற அனுமதியோடு பொதுவில் வையுங்கள்.